பத்து சென்டிமீட்டர் மாதிரித் துண்டிலிருந்து முதல் விற்பனை வரை

கொக்கி முனையுள்ள ஒற்றை ஊசியால் நூலை வளையம் வளையமாகக் கோத்துச் செய்யும் குரோஷே பின்னலைப் பொழுதுபோக்காகத் தொடங்கிய எவரும் சில ஆண்டுகளில் ஒரு கேள்வியைச் சந்தித்துவிடுவார்: "இவ்வளவு நன்றாகச் செய்கிறீர்களே, விற்கலாமே?" கேட்பவர் பாராட்டாகத்தான் கேட்கிறார்; ஆனால் கேட்ட அன்றிரவே நாம் கடைக்குப் பெயர் யோசிக்கவும் நூல் வாங்கிக் குவிக்கவும் ஆரம்பித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். வணிகத்துக்கு வேண்டிய ஒழுங்குகளில் பெரும்பாலானவற்றை ஊசியும் நூலும் எனக்கு முன்பே கற்றுக் கொடுத்திருந்தன என்பதும், பின்னும்போது தவறாமல் கடைப்பிடித்த அந்த ஒழுங்குகளை விற்கும்போது நான் கைவிட்டிருந்தேன் என்பதும் வெகு தாமதமாகவே புரிந்தன. கைவேலை ஒன்றை முதன்முறையாக விற்க நினைப்பவருக்காக அவற்றைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் குரோஷேயிலிருந்து வந்தாலும், தையல், எம்பிராய்டரி, மரவேலை, களிமண் வேலை என எதைச் செய்பவரும் தமக்கு ஏற்றவாறு மாற்றிக்கொள்ளலாம்.

முதற்படி: மாதிரித் துண்டு

அளவு முக்கியமான எந்தப் பொருளைப் பின்னுவதற்கு முன்பும் 10 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு சதுரத்தைப் பின்னி, அதில் எத்தனை கண்ணிகளும் (ஊசி இழுத்து முடிக்கும் ஒவ்வொரு நூல் பின்னலும் ஒரு கண்ணி) எத்தனை வரிசைகளும் வருகின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். புதியவர்கள் இதைத்தான் முதலில் தவிர்ப்பார்கள். அரை மணி நேரம் வீண் என்று தோன்றும். ஆனால் செய்முறைக் குறிப்பு 10 செ.மீ.க்கு 16 கண்ணிகள் என்று சொல்ல, உங்கள் கை சற்று இறுக்கமாகப் பின்னி 18 கண்ணிகளைக் கொடுத்தால், 80 கண்ணிகளில் 50 செ.மீ. வரவேண்டிய அகலம் 44 செ.மீ. சொச்சத்தில் நின்றுவிடும். ஒரு சட்டையின் முன்பாகத்தில் இந்த வேறுபாடு வந்தால் அதை உரியவர் அணியவே முடியாது. பழகியவர்கள் அந்தத் துண்டை ஒருமுறை துவைத்து, உலர்த்தி, மறுபடியும் அளப்பார்கள்; பருத்தி நூலாக இருந்தால் துவைத்தபின் சுருங்க வாய்ப்புண்டு.

விற்பனையிலும் இதே வேலையை இதே வரிசையில் செய்ய வேண்டும். ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். பொம்மை, பை, மேசை விரிப்பு, தொப்பி என்று நான்கையும் ஒன்றாகத் தொடங்கினால் எது ஏன் விற்றது, எது ஏன் விற்கவில்லை என்று உங்களால் சொல்லவே முடியாது. தேர்ந்தெடுத்த பொருளில் ஐந்து மட்டும் செய்யுங்கள். அந்த ஐந்தில் நான்கை உங்களை முன்பின் அறியாதவர்களிடம் விலைக்குக் கொடுத்துப் பாருங்கள். உறவினரும் நண்பரும் வாங்குவது அன்பினால். அதை வைத்து எதையும் கணிக்க இயலாது. "அழகாக இருக்கிறது" என்பது எதற்கும் சான்றில்லை, "இன்னொன்று கிடைக்குமா?" என்று இரண்டாம் முறை வந்து கேட்பதுதான் சான்று.

துவைத்துப் பார்க்கும் கட்டமும் உண்டு. ஐந்தில் ஒன்றை நீங்களே வைத்துக்கொண்டு ஒரு மாதம் உண்மையாகப் பயன்படுத்துங்கள். நான் முதலில் செய்த கைப்பைகளைப் படம் எடுத்தபோது எல்லாம் கச்சிதமாகத் தெரிந்தன. ஒரு பையில் தண்ணீர்ப் புட்டியையும் சாவிக்கொத்தையும் போட்டுத் தோளில் மாட்டியபோது, அதன் பிடி ஒரு வாரத்தில் நான்கு விரற்கடை நீண்டு தொங்கியது. உள்ளே துணி நாடா ஒன்றை வைத்துத் தைத்தால் தீர்ந்துவிடும் குறைதான். ஆனால் அதை நான் கண்டுபிடிப்பதற்குள் வாங்கியவர் இருவர் கண்டுபிடித்துவிட்டனர்.

இரண்டாம் படி: நேரத்தை எழுதி வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டுமே ஒருவர் பின்பற்றுவார் என்றால், அது இதுவாக இருக்கட்டும். கைவேலை வணிகங்கள் வாங்குபவர் இல்லாமல் நொடிப்பதை விட, வாங்குபவர் நிறைய இருந்தும் செய்பவர் களைத்துப்போய் நிறுத்துவதையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். அதற்குக் காரணம் விலை, விலையின் தவறுக்குக் காரணம் அளக்கப்படாத நேரம்.

சுமார் 20 செ.மீ. உயரமுள்ள ஒரு முயல் பொம்மையைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டால், "நாலு மணி நேரம் ஆகும்" என்று நான் தயங்காமல் சொல்லிவந்தேன். ஒருநாள் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டத்தையும் குறித்தேன். தலையும் உடலும் 150 நிமிடம். காது, கை, கால் என்று ஆறு தனித்தனித் துண்டுகளுக்கு 100 நிமிடம். பஞ்சு திணித்து அவற்றைச் சமச்சீராகப் பொருத்தித் தைக்க 55 நிமிடம். ஒரு காது சற்றே சாய்ந்தால் முயலின் முகபாவமே மாறிவிடும் என்பதால் இதில் அவசரப்பட முடியாது. முகத்தில் கண்ணும் மூக்கும் நூலால் தைக்க 20 நிமிடம், தொங்கும் நூல் முனைகளை உள்ளே கோத்து மறைக்க 15 நிமிடம். ஆக 340 நிமிடம். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. வாங்குபவரோடு நிறமும் நாளும் பேசியது 25 நிமிடம், படம் எடுத்தது 15 நிமிடம், பொதிந்து அனுப்பியது 30 நிமிடம். மொத்தம் 410 நிமிடம், அதாவது 6 மணி 50 நிமிடம். என் மதிப்பீட்டுக்கும் உண்மைக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மணி நேரம் காணாமல் போயிருந்தது.

இந்த ஒரு எண்ணிலிருந்து எத்தனை முடிவுகள் பிறக்கின்றன என்று பாருங்கள். வாரத்துக்கு 20 மணி நேரம், அதாவது 1,200 நிமிடம் ஒதுக்க முடிகிறவர், எந்தப் பிழையும் நேராவிட்டால்கூட மூன்று முயல்களை முழுதாக முடிக்க முடியாது. பிழைக்கும் இடம் விட்டு வாரத்துக்கு இரண்டரை முயல் என்று வைத்துக்கொள்வோம். அவர் வாரத்துக்கு எதிர்பார்க்கும் வருமானத்தை இரண்டரையால் வகுத்து, அதனுடன் நூல், பஞ்சு, பெட்டி, அனுப்பும் செலவு ஆகியவற்றைக் கூட்டினால் வருவதுதான் ஒரு முயலின் விலை. அந்த விலைக்கு வாங்க ஆள் உண்டா என்பது அடுத்த கேள்வி. இல்லை என்றால் பொருளை மாற்ற வேண்டும். கூலியைக் குறைத்துக்கொண்டு அதே பொருளைத் தொடர்ந்து செய்வது எந்தக் கணக்கிலும் சேராது.

"பொருட்செலவை மூன்றால் பெருக்கி விலை வையுங்கள்" என்று ஓர் அறிவுரை கைவேலைக்காரர்களிடையே வெகுநாளாக உலவுகிறது. விலையுயர்ந்த பொருளை வைத்துக் குறைந்த நேரத்தில் செய்யும் வேலைக்கு அது ஒருவேளை பொருந்தலாம். குரோஷேக்குப் பொருந்தவே பொருந்தாது. ஒரு மணி நேரக் கூலியை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், என் முயலுக்கான நூலும் பஞ்சும் அரைப் பங்குக்கு மேல் போவதில்லை. மூன்றால் பெருக்கினால் ஒன்றரைப் பங்கு; அதில் பொருட்செலவு போக உழைப்புக்கு மிஞ்சுவது ஒரு பங்கு. செலவான உழைப்போ ஏறத்தாழ ஏழு பங்கு. மீதி ஆறு பங்கை யார் கொடுப்பது? இந்தச் சூத்திரத்தை நம்பி நான் விற்ற முதல் பன்னிரண்டு முயல்களும் நல்ல வீடுகளில் இருக்கின்றன என்பதே எனக்கு இருக்கும் ஆறுதல்.

மொத்தமாக வாங்குகிறோம், விலையைக் குறையுங்கள் என்று கேட்பவர்களுக்கும் விடை இதே தாளில் இருக்கிறது. இயந்திரத்தில் ஆயிரமாவது துண்டு முதல் துண்டை விட மலிவாக வரும். கையில் பத்தாவது முயலுக்கும் முதல் முயலுக்கான அதே 340 நிமிடம்தான். மிச்சமாகக் கூடியது பேசுவது, படம் எடுப்பது, பொதிவது ஆகியவற்றுக்கான 70 நிமிடம் மட்டுமே. அதில் 60 நிமிடம் மிச்சமானாலும் மொத்த நேரத்தில் ஏறக்குறைய 15 சதவீதம்தான் குறைகிறது. அதற்கு மேல் தள்ளுபடி கேட்கும்போது, உங்கள் கூலியிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறீர்கள் என்பதைத் தெரிந்தே கொடுங்கள், அல்லது மறுத்துவிடுங்கள்.

விலையை ஏற்ற முடியாத இடத்தில் நிமிடங்களைக் குறைக்கலாம். அதற்குத்தான் கட்டம் கட்டமாக எழுதி வைக்கச் சொன்னேன். மொத்த நேரம் மட்டும் தெரிந்தால் எங்கே கை வைப்பது என்று தெரியாது. என் தாளில் தைத்து இணைக்கும் வேலை கண்ணை உறுத்தியது. கைகளைத் தனியாகப் பின்னித் தைப்பதற்குப் பதில், உடலைப் பின்னும்போதே கையின் கண்ணிகளையும் சேர்த்துப் பின்னும்படி வடிவமைப்பை மாற்றியதில் ஒரு பொம்மைக்கு 40 நிமிடம் மிச்சமானது. கைகள் இழுபட்டுக் கழன்று வரும் தொல்லையும் நீங்கியது. தடித்த நூலுக்கு மாறுவது இன்னொரு வழி. கண்ணியின் அகலமும் உயரமும் இருமடங்கானால் அதே பரப்பை நிரப்பக் கால்வாசிக் கண்ணிகள் போதும். நுணுக்கம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் விரிப்புக்கும் கூடைக்கும் அந்த நுணுக்கம் தேவைதானா என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் விலையை நியாயப்படுத்தும்போது அது கைகொடுக்கும். இரண்டு நீண்ட ஊசிகளால் செய்யும் ஊசிப் பின்னலில் (நிட்டிங்) ஒரு வரிசை முழுவதும் திறந்த கண்ணிகளாக ஊசியில் நிற்கும், அதனால் பல ஊசிகளை வரிசையாக வைத்த இயந்திரம் அதைச் சுலபமாகச் செய்துவிடுகிறது. குரோஷேயில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். கொக்கி ஒவ்வொரு முறையும் துணியின் வெவ்வேறு இடத்தில் நுழைந்து நூலை இழுத்து முடிக்க வேண்டும். ஆகவே ஆலைகளில் பெருமளவில் குரோஷே செய்யும் இயந்திரம் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. கடையில் மிக மலிவாகக் கிடைக்கும் குரோஷேத் தொப்பியும் யாரோ ஒருவர் கையால் பின்னியதாகவே இருக்க வாய்ப்பு அதிகம். அந்த விலையோடு போட்டியிடுவது என்றால் அவருக்குக் கிடைத்த கூலியோடு போட்டியிடுவதாகும்.

மூன்றாம் படி: வரிசை முடிவில் எண்ணுதல்

தொடக்கத்தில் ஒரு குழந்தைப் போர்வையை வரிசைக்கு 120 கண்ணிகளாகப் பின்னிக்கொண்டிருந்தேன். 31ஆம் வரிசையில் மடியில் விரித்துப் பார்த்தபோது இரு பக்க ஓரங்களும் உள்ளே சாய்ந்திருப்பது தெரிந்தது. எண்ணினால் 107. வரிசை திரும்பும்போது போடும் சங்கிலிக் கண்ணியையும் ஒரு கண்ணியாகக் கருத வேண்டிய பின்னல் அது. நான் வரிசைக் கடைசியில் அதில் ஊசியை விடாமலே திரும்பிக்கொண்டிருந்திருக்கிறேன். பிழை 19ஆம் வரிசையில் தொடங்கியிருந்தது. முதலில் தோன்றிய யோசனை, 13 கண்ணிகளை அடுத்த வரிசையில் எப்படியாவது கூட்டிச் சரிக்கட்டிவிடலாம் என்பதே. அப்படிச் செய்தால் ஓரம் உள்ளே போய் வெளியே வந்து, பாம்பு வளைந்தது போல நிற்கும். 13 வரிசைகளைப் பிரித்தேன். பிரிப்பதற்குப் பத்து நிமிடம், மறுபடி பின்னுவதற்கு இரண்டு மாலைகள்.

ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணியிருந்தால் ஒரே ஒரு கண்ணியைப் பிரித்திருப்பேன். வணிகத்தில் வரிசை என்பது ஒரு வாரம். வாரம் முடியும் நாளில் ஐந்து எண்களை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள்: வந்த பணம், போன பணம், கையிலிருக்கும் முடியாத ஆர்டர்கள், வேலை செய்த மணி நேரம், இன்னும் வரவேண்டிய பாக்கி. கணக்கியல் படிக்க வேண்டியதில்லை, கால் மணி நேரம் போதும். வீட்டுப் பணமும் விற்பனைப் பணமும் ஒரே பையில் கிடந்தால் இந்த எண்களில் எதையும் எழுத முடியாது என்பதால், முதல் விற்பனைக்கு முன்பே தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கிவிடுங்கள்.

பிரிக்கும் துணிவும் இதில் அடக்கம். நாற்பது மணி நேரம் செலவழித்த பொருளைக் கைவிட எவருக்கும் மனம் வராது. நான் ஒரு வகைத் தோள்சால்வையை எட்டு மாதம் விடாமல் விற்க முயன்றேன்; இரண்டு மட்டுமே போயின. நூலையாவது குரோஷேயில் மீட்டுவிடலாம். பிரித்துச் சுற்றி, நனைத்து, சிறு பாரம் கட்டித் தொங்கவிட்டால் கம்பளி நூலின் சுருள் நீங்கிப் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். போன எட்டு மாதத்துக்கு அப்படி ஒரு வழி கிடையாது. இப்போது ஒரு பொருளைத் தொடங்கும்போதே, எத்தனை வாரத்தில் எத்தனை விற்காவிட்டால் நிறுத்துவேன் என்பதையும் எழுதி வைத்துவிடுகிறேன். தேதி வந்தபின் யோசித்தால் மனம் எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளும்.

நான்காம் படி: நூல் வாங்குதல்

நூல் சேர்ப்பது தனிப் பொழுதுபோக்கு, பின்னுவது தனிப் பொழுதுபோக்கு என்று பின்னுபவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். விற்பவருக்கு அது சிரிப்பதற்குரியது இல்லை. அலமாரியில் தூங்கும் நூற்கண்டு ஒவ்வொன்றும் முடங்கிய முதல்தான். ஆர்டர் இல்லாமல் நூல் வாங்குவதில்லை என்ற விதியை முதல் ஆண்டிலாவது கடைப்பிடியுங்கள். அதிகம் போகும் இரண்டு மூன்று நிறங்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம்.

ஆனால் ஆர்டர் வந்துவிட்டால் தேவையான முழு அளவையும் ஒரே முறையில் வாங்கிவிட வேண்டும். நூற்கண்டின் சுற்றுச்சீட்டில் நிற எண்ணோடு லாட் எண் என்று ஒன்றும் அச்சிட்டிருக்கும். ஒரே தொட்டியில் ஒன்றாகச் சாயம் ஏற்றப்பட்டவற்றுக்கு ஒரே லாட் எண். நிற எண் ஒன்றாக இருந்தும் லாட் எண் மாறினால், விளக்கு வெளிச்சத்தில் தெரியாத வேறுபாடு பகல் வெளிச்சத்தில் பட்டையாகத் தெரியும். எட்டுக் கண்டு வேண்டிய போர்வைக்கு ஆறு வாங்கிவிட்டு, பிறகு இரண்டு வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு. போர்வையின் கால்வாசி வேறு நீலமாக இருந்தது. கடைசி இரண்டு கண்டுகளையும், அவற்றோடு அதற்கு முந்தைய கண்டையும் பிரித்து, பழைய லாட்டில் இரண்டு வரிசை, புதிய லாட்டில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னிய பிறகுதான் கண் அதை ஏற்றுக்கொண்டது. நூல் வாங்கும் இடத்தை மாற்ற நேரும்போதும் நான் இதையே செய்கிறேன். ஒரேயடியாக மாறாமல், சில பொருள்களில் மட்டும் புதிய நூலைச் சேர்த்துப் பார்த்து, வாங்குபவர் என்ன சொல்கிறார் என்று கேட்டபின் மெல்ல நகர்கிறேன்.

ஐந்தாம் படி: எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள்

குரோஷே செய்முறைக் குறிப்புகளில் ஒரு பழைய பொறி உண்டு. அமெரிக்க வழக்கில் சிங்கிள் குரோஷே என்று சொல்லப்படும் குட்டையான கண்ணியைத்தான் பிரிட்டிஷ் வழக்கில் டபுள் குரோஷே என்கிறார்கள். அமெரிக்கரின் டபுள் குரோஷே அங்கே டிரெபிள் ஆகிவிடுகிறது. பிரிட்டிஷ் குறிப்பு ஒன்றை அமெரிக்கப் பொருளில் படித்துப் பின்னினால், கண்ணிகள் உயர்ந்து துணி தொளதொளவென்று வரும். பொம்மையாக இருந்தால் உள்ளே உள்ள பஞ்சு எட்டிப் பார்க்கும். எழுதியவர் மேலும் தவறில்லை, பின்னியவர் மேலும் தவறில்லை, சொல் மட்டும் இருவருக்கும் வேறு வேறு.

வாங்குபவரோடு பேசும்போது இதைவிட மோசமான சொற்கள் நடமாடுகின்றன. "சின்னதாக", "வெளிர் நிறத்தில்", "சீக்கிரமாக", "கொஞ்சம் மாற்றி" ஆகிய நான்கும் என் அனுபவத்தில் மிகுந்த செலவு வைத்தவை. ஆர்டரை ஏற்கும்முன் ஒரு சிறு குறிப்பை எழுதி அனுப்பி, அதற்கு ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். உயரம் சென்டிமீட்டரில் இருக்கட்டும். நிறத்தைச் சொல்லாமல் நூலின் படத்தையே, பகல் வெளிச்சத்தில் எடுத்து, நிற எண்ணோடு அனுப்புங்கள். முடித்து அனுப்பும் தேதி, முன்பணம் எவ்வளவு, எந்தக் கட்டத்துக்குப் பிறகு மாற்றம் செய்ய இயலாது என்பவையும் அதில் இருக்க வேண்டும். பெயர் தைத்த பொருளை வேறு யாருக்கும் விற்க முடியாது என்பதால், அத்தகைய ஆர்டர்களுக்குப் பாதிப் பணமாவது முன்னதாக வாங்காமல் நூலை எடுப்பதில்லை. தேதி சொல்லும்போது உங்கள் கணக்குக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு நாள்களைச் சேர்த்தே சொல்லுங்கள்.

எழுத்து உங்களுக்காகவும் வேண்டும். நன்றாக விற்ற பொருளை ஆறு மாதம் கழித்து மறுபடி செய்ய உட்கார்ந்தால், எந்த ஊசி, எத்தனை சுற்று, பஞ்சு எத்தனை கிராம் என்பது எதுவும் நினைவில் இராது. 3.5 மி.மீ. ஊசிக்கும் 4 மி.மீ. ஊசிக்கும் இடையே ஒரு முயல் ஒரு விரற்கடை வளர்ந்துவிடும்.

இங்கேயே சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். பிறர் வடிவமைத்த செய்முறைக் குறிப்பைப் பார்த்துச் செய்த பொருளை விற்கலாமா என்பதைக் குறிப்பை எழுதியவர் விதித்த நிபந்தனைகளில் பாருங்கள். சிலர் அனுமதிக்கிறார்கள், சிலர் தம் பெயரைக் குறிப்பிடச் சொல்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். புகழ்பெற்ற கார்ட்டூன் பாத்திரங்களின் உருவங்களை உரிமையாளரின் அனுமதியின்றிச் செய்து விற்பது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும், எத்தனை பேர் செய்தாலும் சரி. குழந்தைப் பொம்மை என்றால், 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொருளில் கழன்று வரக்கூடிய சிறு பாகங்கள் இருக்கக் கூடாது என்று பல நாடுகளின் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன; பிளாஸ்டிக் கண்களை விட்டுவிட்டு நூலால் கண்ணைத் தைப்பது நல்லது. சூடான பாத்திரம் பிடிக்கும் துணியை அக்ரிலிக் நூலில் செய்யாதீர்கள், சூட்டில் அது உருகும். பதிவு, வரி ஆகியவை இடத்துக்கு இடம் மாறுவதால், முதல் விற்பனைக்கு முன்பே விசாரித்துக்கொள்வது தவிர வேறு வழியில்லை.

ஆறாம் படி: வட்டம் வளரும் கணக்கு

அமெரிக்க வழக்கின் சிங்கிள் குரோஷேயில் தட்டையான வட்டம் பின்ன வேண்டுமானால் முதல் சுற்றில் 6 கண்ணிகள், அடுத்ததில் 12, பிறகு 18, 24, 30 என்று சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்ட வேண்டும். வட்டத்தின் சுற்றளவு ஆரத்தைப் போல ஆறே கால் மடங்கு சொச்சம்; சிங்கிள் குரோஷேக் கண்ணியின் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்று. ஆகவே ஒரு சுற்று உயரும்போது ஆறு கண்ணிகளுக்கு இடம் பிறக்கிறது. சுற்றுக்கு நான்கைக் கூட்டினால் வட்டம் கிண்ணமாகக் குவியும். ஒன்பதைக் கூட்டினால் ஓரம் பாவாடைச் சுருக்கம் போல அலையலையாக மடியும். உயரமான டபுள் குரோஷேயிலோ சுற்றுக்கு 12 கூட்டினால்தான் தட்டையாக வரும். எவ்வளவு கூட்டலாம் என்பதைக் கண்ணியின் உயரமே தீர்மானிக்கிறது; நம் ஆசைக்கு அங்கே இடமில்லை.

ஆர்டர்களைக் கூட்டும்போதும் இந்தக் கணக்கை நான் வைத்துக்கொள்கிறேன். விழாக்காலத்துக்கு முன் ஒருமுறை, வாரத்துக்கு இரண்டரை முயல் செய்யக்கூடிய நான், ஆறு வாரத்தில் 30 முயல் தருவதாக ஒப்புக்கொண்டேன். 410 நிமிடத் தாள் அப்போதே சுவரில் ஒட்டியிருந்தது. பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, பார்த்தும் நம்பவில்லை. நான்காம் வாரத்தில் மணிக்கட்டு வீங்கி ஊசியைப் பிடிக்க முடியாமல் போனது. பதினொரு பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அவர்களில் எவரும் அதன்பின் என்னிடம் வரவில்லை. அதிலிருந்து ஒரு மாதத்தில் ஏற்கும் ஆர்டர்களின் எண்ணிக்கையை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறேன். அது நிரம்பியதும் அடுத்த மாதத்துக்குப் பெயர் எழுதிக்கொள்கிறேன். காத்திருக்கச் சொன்னால் ஓடிவிடுவார்கள் என்று பயந்திருந்தேன், பெரும்பாலோர் காத்திருக்கிறார்கள். முக்கால் மணி நேரம் பின்னினால் பத்து நிமிடம் கையை நீட்டி ஓய்வு கொடுப்பது அந்த நாள்கணக்கிலேயே சேர்ந்திருக்க வேண்டும்.

தனி ஒருவரின் கை போதாதபோது வேலையைப் பகிரலாம். அயர்லாந்தில் பஞ்சம் வாட்டிய காலத்தில், 1847இல், குளோனிஸ் என்ற ஊரில் பாதிரியாரின் மனைவியான கசான்ட்ரா ஹேண்ட் அங்குள்ள பெண்களுக்குக் குரோஷே லேஸ் பின்னும் பயிற்சியை வருவாய்க்கு ஒரு வழியாகத் தொடங்கி வைத்தார். அயர்லாந்து லேஸின் அமைப்பே பகிர்வதற்கு ஏற்றது. பூ, இலை, கொடி முதலியவற்றைத் தனித்தனியாகப் பின்னி, பிறகு வலைப்பின்னலால் ஒன்றாக இணைப்பார்கள். ரோஜாவை நன்றாகப் பின்னுபவர் ரோஜாவை மட்டும் பின்னலாம். இணைப்பதில் தேர்ந்தவர் இணைக்கலாம். நீங்கள் இன்னொருவரைச் சேர்ப்பதானால் இதை நினைவில் கொள்ளுங்கள். முழுப் பொம்மையை அவர் கையில் கொடுத்தால், அவர் கை இறுக்கமும் உங்கள் கை இறுக்கமும் வேறாக இருப்பதால் இரண்டு அளவுப் பொம்மைகள் கிடைக்கும். காதுகளை மட்டும் கொடுங்கள், அல்லது முனை மறைத்துப் பொதியும் வேலையைக் கொடுங்கள். அதற்கும் முன்னால் அவரிடம் ஒரு மாதிரித் துண்டு கேளுங்கள். அவருடைய நேரத்தையும் 410 நிமிடக் கணக்கில் வைத்தே கூலி பேசுங்கள்.

ஏழாம் படி: முனைகளை மறைத்தல்

பின்னல் முடிந்ததும் நூலை ஒட்ட நறுக்கினால் சில நாள்களில் முனை நழுவி, கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவிழும். பதினைந்து செ.மீ. அளவுக்கு முனையை விட்டு, கம்பளி ஊசியில் கோத்து, ஒரு திசையில் சில கண்ணிகளுக்குள் செலுத்தி, எதிர்த்திசையில் திருப்பி, மறுபடியும் ஒருமுறை திருப்ப வேண்டும். பின்னுபவர்களில் பாதிப் பேர் வெறுக்கும் வேலை இது. விற்பனையில் இதற்கு ஈடானவை, பணம் வந்ததும் ரசீது அனுப்புவது, அனுப்பிய நாளைத் தெரிவிப்பது, துவைக்கும் முறையை ஒரு சிறு அட்டையில் எழுதி உள்ளே வைப்பது, போய்ச் சேர்ந்ததா என்று ஒருமுறை கேட்பது ஆகியவை. மொத்தமாகப் பத்து நிமிடம் ஆகும். இரண்டாம் முறை வாங்க வருபவர்கள் பெரும்பாலும் இந்த நிமிடங்களால்தான் வருகிறார்கள்.

ஒவ்வொரு பொருளையும் முடித்ததும், மிஞ்சிய நூலில் ஐந்து மீட்டர் அளவு எடுத்து ஓர் அட்டையில் சுற்றி, பொருளின் பெயர், நிற எண், லாட் எண், ஊசி அளவு, தேதி ஆகியவற்றை அதன் மேல் எழுதி ஒரு பெட்டியில் போட்டு வைக்கிறேன். சென்ற ஆண்டு ஒருவர், தம் மகள் நான்கு ஆண்டுகளாகக் கையிலேயே வைத்திருந்த முயலை ஒரு காது இல்லாமல் கொண்டுவந்தார். பெட்டியில் அட்டை இருந்தது. புதிய காதைப் பின்னித் தைக்க ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆனது. பழைய காது துவைத்துத் துவைத்து வெளுத்திருந்ததால் புதியது கொஞ்சம் பளிச்சென்று தெரிந்தது. அதையும் வெளுக்க வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், எது புதுக் காது என்று மகளுக்குத் தெரிய வேண்டும் என்றார்.